விதைநெல் மூடைகளுக்கு மரத்தளம் அமைத்தல்

கமக்காரர்களே! பெரும்போகத்தில் அரிவு வெட்டிய நெல்லை நூற்றுக்கு 13 பங்கு ஈரத்திற்கு மேற்படாதவாறு உலர்த்தி வைப்பீர்கள். அம்மூடைகளை வெறுந்தரையில் அடுக்கினால், தரையின் ஈரம் சாக்கினூடாக ஏறும், பூஞ்சணம் பிடிக்கும், முளைதிறன் குன்றும். ஆகவே, மரத்தளம் அமைப்பது அவசியம். ஆனால், மரத்தை அறுக்குமுன் பாரத்தைக் கணக்கிடல் வேண்டும்.

பாரமும் கால்களும்

50 கிலோ மூடையொன்று ஏறக்குறைய 3 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள இடத்தைக் கொள்ளும். 6 அடிச் சதுரத் தளத்தில் வரிசைக்கு 6 மூடையாக 4 வரிசை அடுக்கலாம். மொத்தப் பாரம் 1,200 கிலோ.

இதற்கு 3 அடிக்கு ஒன்றாக 9 கால்கள் நிறுத்துக. மூலைக்கால் ஒவ்வொன்றும் சுமார் 75 கிலோவையும், பக்கத்தின் நடுவிலுள்ள கால் 150 கிலோவையும், தளத்தின் நடுக்கால் 300 கிலோவையும் தாங்கும். மூலைகள் உறுதியாயிருந்தாற் போதுமென்று எண்ணி நடுக்காலை விடுபவர் பலர். அதனால் நடுத்தீராந்தி வளைந்து, அடுக்கு முழுவதும் சரிய இடமுண்டு.

சட்டங்கள்

கால்களின்மேல் 6 அடி நீளமான 3 தீராந்திகளையும், அவற்றிற்குக் குறுக்கே 18 அங்குலத்திற்கு ஒன்றாக 5 சட்டங்களையும் வைக்க. இவை 4 அங்குலத்திற்கு 2 அங்குலம் அளவினவாயிருத்தல் வேண்டும். 4 அங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்குமாறு வைக்க. அவ்வாறு வைத்த மரம், படுக்க வைத்த மரத்திலும் இருமடங்கு பாரந் தாங்கும்; வளைவது நாலில் ஒரு பங்கே. சட்டங்களுக்குக் குறுக்கே 4 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்புமுள்ள 16 பலகைகளை, அரை அங்குல இடைவெளிவிட்டுப் பரப்புக. ஆணித்தலைகள் வெளியே நின்றால் சாக்குக் கிழியும். அவற்றை உள்ளே இறக்கிவிடுக.

முதிரை, பாலை முதலிய வைரமான மரங்கள் சிறந்தவை. பழைய வீட்டுத் தீராந்திகளும் பழுதற்றனவாயின் உதவும். வைரமான மரத்தில் முதலில் துளையிட்டே ஆணி அறைக.

நிறுத்தும் முறை

கால்கள் 4 அங்குலச் சதுரமும் 1 அடி உயரமும் உடையனவாயிருக்கட்டும். அவற்றை மண்ணிற் புதைத்தல் தகாது, கறையான் ஏறும். இறுகிய தரையிற் பதித்த தட்டைக்கல் அல்லது சீமெந்துக் கல்லின்மேல் நிறுத்துக. மூலைக்கு மூலை அளந்தால் இரு குறுக்களவுகளும் ஒத்து, சுமார் 8 அடி 6 அங்குலமாக இருத்தல் வேண்டும். அவை வேறுபடின் சட்டம் கோணலாகும். நீர்மட்டம் பார்த்த பின்னரே பலகை அடிக்க.

சுவரிலிருந்து நாற்புறமும் ஒன்றரை அடி விலக்கி அமைக்க. அப்பொழுதே காற்றோட்டம் உண்டாகும். கறையான் புற்றையும் எலியின் எச்சத்தையும் காணலாம். தளத்தின் அடியைக் கூட்டலாம். மூடைகளை ஒரு வரிசை நெடுக்காகவும் மறுவரிசை குறுக்காகவும் அடுக்குக.

மரம் வாங்குமுன் இவ்வளவுகளைத் தரையிற் சுண்ணாம்பினாற் குறித்துப் பாருங்கள். 24 மூடைக்கு மேல் அடுக்க விரும்பினால், இத்தளத்தில் ஐந்தாம் வரிசை ஏற்றாது, இதேபோன்ற மற்றொரு தளம் அமையுங்கள். ஐயமுளதாயின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கலந்தாலோசியுங்கள்.