இறக்கிய சிவிக்குக்கு எந்த அலாய்?

காரின் உயரத்தை இறக்கியவர்கள் அலாய் வீல் கடையில் முதலில் கேட்பது, "17 இன்ச் ஆகுமா?" கடைக்காரரும் "எல்லா வண்டிக்கும் ஆகுங்ணா, உரசாது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கடை வாசலில் நிற்கிற வண்டிக்கு அது ஆகத்தான் செய்யும். பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வேகத்தடையில் இறங்கும்போதுதான் 'சர்ர்' என்று கேட்கும். என்னைக் கேட்டால் விட்டம் ரொம்பப் பின்னால் வருகிற கேள்வி. டயரின் தோள் உள்பக்கம் எவ்வளவு போகிறது, வெளிப்பக்கம் எவ்வளவு வருகிறது என்பதே முதல் கேள்வி.

என்னிடம் இருப்பது ஹோண்டா சிவிக், 2006-ல் இந்தியாவுக்கு வந்த எட்டாம் தலைமுறை. லோயரிங் ஸ்பிரிங் போட்டு 30 மி.மீ. இறக்கியிருக்கிறேன். கம்பெனியிலிருந்து வந்த வீல் 15 இன்ச், அகலம் 6 ஜே (அதாவது 6 இன்ச்), ஆஃப்செட் 45. அதன்மேல் 195/65 டயர். வேறு அலாய் பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கணக்கும் இங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

ஆஃப்செட் என்றால் பலருக்குப் பயம். விஷயம் எளிது. வீல் ஹப்போடு ஒட்டும் முகம், ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பதே அந்த எண். எண் கூடினால் வீல் வண்டிக்குள் போகும், குறைந்தால் வெளியே வரும். ரிம்மில் 'ஈ.டி. 45' என்று பொறித்திருப்பது இதைத்தான்.

டயர் அகலத்தைப் பாதியாக்குங்கள். ஆஃப்செட்டைக் கழித்தால் ஹப் முகத்திலிருந்து வெளித்தோள் வரை உள்ள தூரம். கூட்டினால் உள்தோள் வரை உள்ள தூரம். என் பழைய டயருக்கு 195-ல் பாதி 97.5. வெளியே 52.5, உள்ளே 142.5. இப்போது 215/45 டயரோடு 17 இன்ச், 7 ஜே, ஆஃப்செட் 45 என்று ஒரு வீல். பாதி 107.5, வெளியே 62.5, உள்ளே 152.5. இரண்டு பக்கமும் 10 மி.மீ. கூடுகிறது. அதே டயர், அதே 17 இன்ச், ஆனால் ஆஃப்செட் 35 என்றால் வெளியே 72.5, உள்ளே 142.5. உள்பக்கம் ஒரு மில்லிமீட்டரும் மாறவில்லை, வந்த 20 மி.மீ. முழுக்க ஃபெண்டர் பக்கம் போய்விட்டது. கண்ணாடி அலமாரியில் இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும்.

ரிம் 7.5 ஜே ஆனால் அதே டயர் இன்னும் கொஞ்சம் விரியும். அரை இன்ச்சுக்கு ஏறத்தாழ 5 மி.மீ., பக்கத்துக்கு இரண்டரை. கம்பெனிக்குக் கம்பெனி 215 என்பதும் ஒரே 215 அல்ல; தோள் சதுரமாக இருக்கிற டயர் உருண்டை தோள் டயரைவிட முன்னதாகவே உரசும். அதனால்தான் வேகத்தடை மேட்டில் 3 மி.மீ. இடம்தான் மிச்சம் என்று வந்தால் அந்த வீலை நான் எடுக்கமாட்டேன்.

அடுத்து, இடம் எவ்வளவு இருக்கிறது என்று வண்டியிலேயே அளக்க வேண்டும். முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். சிவிக்கின் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். வீல் மேலே போனாலும் திரும்பினாலும் ஸ்ட்ரட்டும் கூடவே போவதால், டயரின் உள்தோளுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஏறக்குறைய மாறாது. ஒரு தடவை கையை உள்ளே விட்டு அளந்தால் போதும். ஃபெண்டர் பக்கம் அப்படி அல்ல, அங்கே ஒவ்வொரு குழியிலும் இடைவெளி மாறும். பின்பக்கம் மல்டிலிங்க். வண்டி தாழத் தாழ வீலின் தலை உள்ளே சாயும், அதனால் ஃபெண்டர் விளிம்பிலிருந்து கொஞ்சம் தப்பிக்கிறது. ஆனால் ஆள், பெட்டி, அரிசி மூட்டை எல்லாம் ஏறுவதும் பின்னால்தான்.

அளக்க நான் பயன்படுத்துவது குழந்தைகள் விளையாடும் களிமண். விரல் தடிமனுக்கு உருட்டி, ஃபெண்டர் விளிம்பின் உள்பக்கம் சில இடங்களில் ஒட்டிவிட வேண்டும். தெரிந்தவரின் வீல் ஒரு ஜோடி கிடைத்தால் மாட்டி, பின்சீட்டை நிரப்பி, மெதுவாக ஒரு வேகத்தடை, ஒரு குழி, பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து ஒரு சுற்று. களிமண்ணை எடுத்துப் பார்த்தால் எங்கே எத்தனை மி.மீ. மிச்சம் என்று அதுவே சொல்லும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டலில் வேகத்தடைக்கு உயரம் 10 செ.மீ., அகலம் 3.7 மீட்டர். நம் தெருக்களில் இருப்பவை அந்த வழிகாட்டலைப் படித்தவை அல்ல. ஆகையால் உங்கள் தெருவிலேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

உரசுகிறது என்று என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு வீல் காரணமே அல்ல. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனிங்கின் கிளிப் விழுந்து, அது தொங்கிக்கொண்டிருக்கும். புதுக் கிளிப் போட்டால் சத்தம் நின்றுவிடும். ஃபெண்டர் விளிம்பை உள்ளே மடிக்கும் ரோலிங்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் டார்ச் அடித்து இதைப் பாருங்கள். ரோலிங் எனக்குக் கடைசி வழி. சரியாகச் சூடு காட்டாமல் மடித்தால் பெயின்ட் விரிசல் விடும், அந்த விரிசலில் துரு ஏறும். ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது எனக்கு வழியே அல்ல. வெட்டிய ஸ்பிரிங் தன் இடத்தில் ஒழுங்காக உட்காராது, ஷாக்கும் அந்த நீளத்துக்கு ஏற்றதல்ல. அப்படிப்பட்ட வண்டியில் எந்த வீல் போட்டாலும் உரசும்.

டயர் விட்டம்: 195/65 ஆர் 15-க்கு 634.5 மி.மீ., 215/45 ஆர் 17-க்கு 625.3. ஒன்றரை சதவீதம் குறைவு. வேகமானி கொஞ்சம் கூட்டிக் காட்டும், தரை இடைவெளியில் நாலரை மி.மீ. போகும். இறக்கிய வண்டிக்கு அது பெரிய நஷ்டம் இல்லை, மேலே ஃபெண்டரில் அந்த நாலரை திரும்பக் கிடைக்கிறது. எடைக் குறியீட்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பழைய டயரில் 91, அதாவது ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 215/45 ஆர் 17 சாதாரண வகையில் 87, 545 கிலோதான். 'எக்ஸ்.எல்.' என்று போட்ட வகையில் 91 கிடைக்கும். அதைக் கேட்டு வாங்கி, அதற்குரிய காற்றழுத்தம் வையுங்கள்.

உரசலுக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் உயிருக்குச் சம்பந்தமுள்ள ஒன்று நட். ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டுக்கு உட்காரும் பகுதி உருண்டை. வெளியில் விற்கும் அலாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கூம்பு வடிவம் வேண்டும். பழைய நட்டையே மாட்டினால் இறுகியது போலத் தெரியும், ஆனால் முழுக்கப் பதியாது. ஐந்து ஓட்டை, 114.3 பி.சி.டி. (ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) சரியாக இருந்தாலும் நடு ஓட்டை பல வீல்களில் 73.1 இருக்கும், சிவிக்கின் ஹப் 64.1. நடுவில் ஹப் ரிங் போடாமல் விட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் நடுங்க வாய்ப்பு உண்டு, பிறகு பேலன்சிங் மேல் பழி போடுவோம். பி.சி.டி. பொருந்தவில்லை என்று ஓட்டையை அகலப்படுத்தித் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ரிம்மின் உள்பக்கம் 'ஜே.டபிள்யூ.எல்.', 'வி.ஐ.ஏ.' தர முத்திரைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. வண்டியை இறக்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலும் கேட்டுக்கொள்வது நல்லது.

நான் கடைசியில் எடுத்தது 7 ஜே, ஆஃப்செட் 45. வெளியே தள்ளி நிற்கும் அழகு அதில் இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள், உண்மைதான். மாட்டிய உடனே அலைன்மென்ட் பார்த்தேன். இறக்கிய வண்டியில் கேம்பரைவிட (வீலின் சாய்வு) டோ (வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பது) தவறினால்தான் டயர் வேகமாகத் தேயும். நட்டை 108 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். ஏர் கன் அடித்துவிட்டு "டைட்டா இருக்குங்ணா" என்பது கணக்கில் வராது.