லேஅவுட் வரைபடத்தில் பார்க் இருக்கிறது... உங்கள் தெருவில் இருக்கிறதா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மனை வாங்கியவர்களுக்கு இந்தக் காட்சி ஞாபகம் இருக்கும். புரோக்கர் லேஅவுட் வரைபடத்தை விரிப்பார். நடுவில் ஒரு கட்டத்தைத் தொட்டு, "இதுதான் சார் பார்க்" என்பார். வீடு கட்டிக் குடிவந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கட்டம் இப்போ எப்படி இருக்கு? சில நகர்களில் ஊஞ்சலும் நடைபாதையுமாக மாறியிருக்கும். சில இடங்களில் சீமைக்கருவேலம் மண்டி, கட்டட இடிபாடு கொட்டும் இடமாகக் கிடக்கும். இன்னும் சில இடங்களில் அந்த இடமே காணாமல் போயிருக்கும். பிள்ளைகள் தெருவில் விளையாடுவார்கள், வண்டி வந்தால் ஓரம் ஒதுங்குவார்கள்.

அந்த இடம் யாரோ தந்த சலுகை அல்ல. விதிப்படி உங்களுக்குச் சேர வேண்டியது.

10 சதவீதக் கணக்கு

இதற்குத் திறந்தவெளி ஒதுக்கீடு என்று பெயர். சுருக்கமாக ஓ.எஸ்.ஆர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்வது இதுதான்:

- 3,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவுக்கு ஒதுக்கீடு கிடையாது.
- 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். இடம் தர முடியாத நிலையில் அதற்கு ஈடான நில மதிப்பைச் செலுத்தலாம்.
- 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் நிலமாகவே தர வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 5 ஏக்கர் என்பது சுமார் 20,200 சதுர மீட்டர். சாலைக்கு 30 சதவீதம் போனால் மீதி சுமார் 14,100. அதில் பத்தில் ஒரு பங்கு 1,410 சதுர மீட்டர், அதாவது ஆறு கிரவுண்டுக்கும் மேல்! இன்றைய மனை விலையில் அது எவ்வளவு பெரிய பொதுச்சொத்து என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

பூங்கா இடத்தை வேறு வேலைக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? பெங்களூருவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதி மக்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பளித்தது.

செல்போனிலேயே தேடுங்கள்

1. உங்கள் கிரயப் பத்திரத்தை எடுங்கள். லேஅவுட் அனுமதி எண்ணும் சர்வே எண்ணும் அதில் இருக்கும். அனுமதி பெற்ற வரைபடத்தில் பூங்கா எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள். மனைப்பிரிவு போட்டவர் உள்ளாட்சிக்கு எழுதித் தந்த தானப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அதே இடம் யாருக்காவது கிரயம் ஆகியிருந்தால் உஷார்!

3. வருவாய்த்துறையின் இணைய சேவையில் நிலப்பதிவேட்டைப் பாருங்கள். பத்திரம் உள்ளாட்சி பெயரில் இருந்தும் பட்டா பழைய பெயரிலேயே இருந்தால், பின்னால் பிரச்சினை வர அது ஒன்றே போதும்.

4. விவரம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் கெடு.

ஆக்கிரமிப்போ குப்பையோ இருந்தால் போட்டோ, சர்வே எண், வரைபட நகல் மூன்றையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். அம்பத்தூர் மண்டலத்தினர் சென்னை மாநகராட்சியின் 1913-ஐ அழைக்கலாம். மற்றவர்கள் தங்கள் உள்ளாட்சி அலுவலகத்தையோ முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ஐயோ அணுகலாம். புகார் எண்ணை மறக்காமல் எழுதி வையுங்கள்.

இடம் கிடைத்தாச்சு, அப்புறம்?

சுற்றிச் சுவர், உள்ளே முழுக்க டைல்ஸ் என்று போட்டால் பெயருக்குத்தான் பூங்கா. மழைநீர் மண்ணுக்குள் இறங்காது, வெயிலில் தரையும் கொதிக்கும். தெருவின் தாழ்வான பக்கத்தில் ஒரு பள்ளத்தைச் செடிகளோடு விட்டுவைத்தால், அங்கே தேங்கும் நீர் மெல்ல உள்ளே இறங்கும்.

மரத் தேர்விலும் கவனம் வேண்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அழகுக்காக நட்ட குல்மோகர் போன்றவை அதில் நிறைய. வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம் நம்ம மண்ணுக்கும் காற்றுக்கும் பழகியவை. அடிமரத்தைச் சுற்றி சிமென்ட் பூசாமல் மண்ணாக விடுங்கள்.

ஏரியும் பசுமைதான்

நம்ம பகுதிக்கு இன்னொரு வரம் ஏரிகள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் ஏரிக்கும் நீர் போகும்படி முன்னோர் அமைத்தார்கள். நடுவில் கால்வாய் அடைபட்டால் அந்த நீர் வீடுகளைத் தேடி வரும். ஆவடி பருத்திப்பட்டு ஏரியைச் சீரமைத்து 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். இன்று அங்கே காலையில் நடக்கவும் மாலையில் படகு சவாரிக்கும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கரையைப் பாதுகாக்க, மக்கள் அங்கே வந்துபோவதும் ஒரு காவல்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் இருக்கும் லேஅவுட் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கட்டம் வரை நடந்து பாருங்கள். அங்கே பூங்கா இருந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால், எங்கே கேட்பது என்று இப்போ உங்களுக்குத் தெரியும்.