ஒன்றரை மடங்கு

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. திருச்சி கைலாசபுரம் பெல் குவார்ட்டர்ஸில் மைக்ரோமீட்டருக்கும் வெர்னியருக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பொரியும் சுண்டலுமாக உட்கார்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் செய்தி வந்தது. திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 141 பயணிகளோடு வானத்திலேயே வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. அக்கம்பக்கத்தார் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். நான் போகவில்லை. தீபாவளிக்குச் சிங்கப்பூர் போக எடுத்த டிக்கெட் என் பீரோவில் இருந்தது.

எட்டேகால் மணிவாக்கில், "பத்திரமா இறங்கிடுச்சுங்க" என்று மனைவி ஓடிவந்து சொன்னாள். நான் சொன்னது: "டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடலாம்."

அது மூன்றாவது முறையாக இருந்திருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் மகளின் பிரசவத்துக்கு எடுத்த டிக்கெட்டையும், பேத்தியின் முதல் பிறந்த நாளுக்கு எடுத்ததையும் அப்படித்தான் விட்டேன். மனைவி தனியாகப் போய் வந்தாள். மூன்று வயதுப் பேத்திக்கு நான் அப்போது போனில் தெரிகிற தாத்தா மட்டும்தான். விமானப் பயம் எடுத்துக்கொள்வது இதைத்தான். ஆனாலும் வெளியே சொல்ல வெட்கம். முதுகுவலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. விமானம் சுற்றிய அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றியே யோசித்துக் கிடந்தேன். போயிங் 737 ரக விமானத்தில் எரிபொருளை வானில் கொட்டிவிட வழி கிடையாது. பறந்து எரித்துத்தான் தீர்க்க வேண்டும். டேங்க் நிறைய எரிபொருளோடு இறங்கினால் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் சுமை அதிகம். அதனால்தான் எடை குறையும்வரை சுற்றினார்கள். கீழே தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்ஸ்களும் நின்றன. தொலைக்காட்சி ஆபத்து என்று காட்டியது உண்மையில் முன்னெச்சரிக்கை. மீட்டர் சரியில்லை என்றால் அவசரப்படாதே, சுமையைக் குறை, பிறகு கை வை. பெல் பாய்லர் ஆலையில் முப்பது வருடமாக நாங்கள் செய்கிற வேலையும் இதுதான்.

நான் தரக் கட்டுப்பாட்டில் இருப்பவன். பாய்லர் டிரம்மில் தண்ணீரை நிரப்பி, வடிவமைத்த அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றுவோம். பிறகு இறக்கி, ஒவ்வொரு வெல்டாக டார்ச் அடித்துப் பார்ப்போம். இதுதான் ஹைட்ரோ டெஸ்ட். விமான இறக்கைக்கும் அதே கணக்குதான் என்று பிறகு படித்தபோது மனசுக்குள் ஏதோ இறங்கி உட்கார்ந்தது. வானத்தில் சந்திக்கக்கூடிய உச்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கை இறக்கை தாங்கியாக வேண்டும். 1995-ல் போயிங் 777-இன் இறக்கையை உடைகிறவரை வளைத்துப் பார்த்தார்கள். நுனி ஏறத்தாழ 24 அடி மேலே போன பிறகு, 154 சதவீதச் சுமையில்தான் அது உடைந்தது. ஹைட்ரோ டெஸ்ட்டை நம்புகிற நான் இதை ஏன் நம்பக் கூடாது?

ஆனால் புத்தி ஒப்புக்கொண்டால் உடம்பும் ஒப்புக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். அதற்குத் தனியாகப் பழக்கம் வேண்டும். நான் முதலில் இரண்டு மாலை விமான நிலையத்தை ஒட்டிய புதுக்கோட்டைச் சாலையில் நின்று விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தேன். அடுத்து மனைவியோடு சென்னைக்கு ஒரு மணி நேரப் பயணம். அதில் நான் நடுங்கிய இடங்கள் எல்லாமே சத்தங்கள்தாம். கிளம்பியதும் காலடியில் 'டொம்' என்று கேட்டால் சக்கரம் உள்ளே மடங்குகிறது. சற்று உயரம் போனதும் இன்ஜின் சத்தம் சட்டென்று தணியும். கீழே விழுவது போல வயிறு கவ்வும். விமானம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. விசையைக் குறைத்ததை நம் உள்காது தவறாகப் படிக்கிறது. ஏர்பஸ் 320-ல் தரைக்கடியில் ரம்பம் அறுப்பது போலக் கேட்பது, ஒரு ஹைட்ராலிக் பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு விசை மாற்றும் கருவி. தரை தொட்டதும் வரும் பேரிரைச்சல், இன்ஜின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைத் தணிப்பது. இவற்றை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு சத்தமும் வரவர டிக் அடித்தேன். கைக்கு ஒரு வேலை இருப்பது பெரிய உதவி.

இறக்கையை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். அங்கே குலுக்கல் குறைவு. ஏறும்போதே பணிப்பெண்ணிடம் "எனக்குப் பயம்மா" என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்னேன், அந்தப் பெண் இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். பயண நாளன்று காபி வேண்டாம், படபடப்பைக் கூட்டும். மூச்சை இழுப்பதைவிட மெதுவாக, நீளமாக விடுவதில் கவனம் வையுங்கள். அடுத்தவர் கொடுக்கும் தூக்க மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். பயம் அவ்வளவு முற்றியிருந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி இதைக் குணப்படுத்துகிறார்கள்.

குலுக்கலைப் பற்றி ஒன்று. காற்றுக் குலுக்கலில் இன்றைய பயணிகள் விமானம் உடைவது மிக மிக அரிது. பெரும்பாலும் பெல்ட் போடாதவர்களுக்குத்தான் அடிபடுகிறது. 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்த விமானம் கடுமையாகக் குலுங்கியதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். விமானம் பாங்காக்கில் முழுசாக இறங்கியது. பெல்ட் விளக்கு அணைந்த பிறகும் அதைக் கழற்றாதீர்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூர் போனேன். நடுவழியில் பதினைந்து நிமிடம் நல்ல குலுக்கல். கை வியர்த்தது, தாளைப் பிடித்துக்கொண்டேன். மனைவி பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலும் முதுகுவலி, சர்க்கரை, வெயில் என்று சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போடுகிற ஒருவர் இருக்கலாம். "இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?" என்று அவரிடம் கேட்காதீர்கள். சென்னைக்கு இரண்டு டிக்கெட் போட்டு, பக்கத்து இருக்கையில் நீங்கள் உட்காருங்கள்.