மறுகாலும் மழைநாள் எச்சரிக்கையும்

‘குளம் மறுகால் பாய்கிறது’ என்னும் செய்தி தென்பாண்டி மக்களுக்கு மகிழ்ச்சியையும் அச்சத்தையும் ஒருங்கே தருவதாகும். நிறைந்த குளத்தின் மிகுநீர் கரையை உடைக்காவண்ணம் கலிங்கு வழியே வெளியேறுதலை மறுகால் என்பர். ‘கால்’ என்பது நீர் செல்லும் வழி. வாய்க்கால் என்னும் சொல்லில் அப்பொருள் விளங்கக் காணலாம். எனவே, மறுகால் என்பது மிகுநீருக்கென முன்னோர் ஒதுக்கிவைத்த மற்றொரு வழியாகும். நெல்லைச் சீமையில் மறுகால்குறிச்சி, மறுகால்தலை என ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் நிலைபெற்றுள்ளது. நீரின் வழியை மக்கள் மறவாதிருக்க மொழி காத்துவைத்த நினைவு இது.

இந்நினைவின் இன்றியமையாமையை 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் உணர்த்திற்று. 18ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையினும் இது மிகுதி. குளங்கள் பல உடைந்தன. ஓடைகள் ஊருக்குள் புகுந்தன. திருச்செந்தூரிலிருந்து ஏறத்தாழ 800 பயணிகளுடன் புறப்பட்ட சென்னை இரயில், தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்டமையால் திருவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சிக்கியோருக்கு அருகிலிருந்த சிற்றூர் மக்கள் உணவு தந்தனர். ஆபத்தில் முதலில் வரும் கை அண்டை வீட்டாரின் கையே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சொல்

வானிலை ஆய்வு மையம் ஒரு நாளில் 20 செ.மீ.க்கு மேற்பட்ட மழையை ‘அதி கனமழை’ எனக் குறிக்கிறது. 21 செ.மீ. மழைக்கும் 95 செ.மீ. மழைக்கும் பெயர் அதுவே. இஃது அம்மையத்தின் குறையன்று; எந்த அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆயின், ‘அதி கனமழை’ என்று கேட்ட முதியவள் தன் வீட்டுக்குள் நீர் வருமா என்பதை எங்ஙனம் அறிவாள்? எந்தக் குளம் நிறைந்துள்ளது, மறுகால் எந்தத் தெரு வழியே பாயும், எத்தனை மணிக்குள் எங்குச் செல்ல வேண்டும் என்பனவற்றை ஊரார்தாம் எடுத்துரைத்தல் வேண்டும். அளவைச் சொல்வது அறிவிப்பு. செய்யவேண்டியதைச் சொல்வதே எச்சரிக்கை.

குரல்

முற்காலத்தில் தண்டோரா ஊருக்குச் செய்தி சொன்னது. ஒரு சாராரையே அப்பணியில் கட்டுப்படுத்திய இழிவு அதில் இருந்தமையால், அவ்வழக்கத்தை நிறுத்தி, வாகனங்களில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு 2022இல் தமிழக அரசு பணித்தது. அது தக்கதே. பள்ளிவாசல், கோயில், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளும் இதற்குப் பயன்படும். ஆனால் வெள்ள இரவில் மின்சாரம் நிற்கும், கைப்பேசியும் ஊமையாகும். ஆதலின், மின்கலத்தால் இயங்கும் கை ஒலிபெருக்கியும், தெருவுக்கு இருவரேனும் கதவைத் தட்டிச் சொல்லும் ஏற்பாடும் வேண்டும். காது கேளாதார்க்கு அக்கதவுத் தட்டலும் போதாது. அவர்களை உள்ளே சென்று எழுப்பவேண்டும்.

செயல்

திருவிளையாடற் புராணத்து ‘மண் சுமந்த படலம்’ வையைக் கரையை அடைக்க வீட்டுக்கொரு பங்கு அளந்து கொடுத்ததைக் கூறுகிறது. தனித்து வாழ்ந்த மூதாட்டி வந்திக்கும் ஒரு பங்கு விழுந்தது. அதனை அடைக்க அவளுக்கு ஆளில்லை. பொறுப்பைப் பகிரும்போது வலுவற்றோரை முன்னரே எண்ண வேண்டும் என்னும் படிப்பினையை இதிலிருந்து நாம் கொள்ளலாம்.

எனவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியிலேயே ஒவ்வோர் ஊரும் செய்யத்தக்கன சில உள. நடக்க இயலாதோர், கருவுற்றோர், தனித்து வாழும் முதியோர் ஆகியோரின் பட்டியலைத் தெருவாரியாக எழுதுதல் வேண்டும். மாடியுள்ள பள்ளி, மண்டபம் ஆகியவற்றின் சாவி யாரிடம் உள்ளது என்பதை அனைவரும் அறிதல் வேண்டும். ஓடையின் அடைப்பை நீக்குதல், கயிறும் படகும் எங்குக் கிடைக்கும் எனக் கேட்டுவைத்தல், குடும்ப அட்டை முதலிய ஆவணங்களை நீர்புகாப் பையில் இடுதல், மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்னும் எண்ணைச் சுவரில் எழுதுதல் ஆகியனவும் வேண்டும். 2023இல் நீர் நின்ற உயரத்தை மறவாது சுவர்களில் கோடிட்டு வைத்தால், அடுத்த தலைமுறைக்கு அக்கோடே ஆசிரியராகும்.

இப்பணிகளுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. மாணவர் பத்துப்பேர் ஒரு விடுமுறை நாளில் தம் ஊர்ப் பெரியவர்களிடம், ‘நம் குளத்தின் மறுகால் எங்கே?’ என்று கேட்டுத் தொடங்கலாம். விடை கூறும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுதல் நன்று.