ஏரி நீரும் ஒரு பச்சை வாயுவும்



24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட செம்பரம்பாக்கம் ஏரி, சென்னையின் தாகம் தீர்க்கும் தாய். 2007-ஆம் ஆண்டில் இங்குத் தொடங்கிய நிலையம் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் திறனுடையது.

ஆனால் எங்கள் பாட்டிக்குக் குழாய்த் தண்ணீர் பிடிக்காது. "மருந்து வாடை அடிக்குதடி!" என்பார். அந்த வாடைக்குக் காரணமான குளோரினைப் பற்றிச் சிறிது காண்போமா?

குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் 7 எலக்ட்ரான்கள் உள்ளன. எட்டானால்தான் அதற்கு நிம்மதி. சோடியத்தின் வெளிக்கூட்டிலோ ஒன்றே ஒன்று. சோடியம் அதைக் கொடுக்க, குளோரின் பெற, உண்டாவது அயனிப் பிணைப்பு. அதுவே நம் சமையலுப்பு. இரண்டு குளோரின் அணுக்கள் சந்தித்தால் கொடுப்பார் எவருமில்லை. எனவே ஆளுக்கு ஒரு எலக்ட்ரானைப் பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. இது சகப்பிணைப்பு. இப்படிப் பிறப்பது மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. ஒரே தனிமம் ஓரிடத்தில் உணவு, மற்றோரிடத்தில் நஞ்சு!

வாயுக்களின் குணத்தையும் அறிவோம். அழுத்தம் கூடினால் வாயுவின் பருமன் குறையும் என்று 1662-இல் பாயில் கூறினார். 34 அடி நீர் ஒரு வளிமண்டல அழுத்தத்திற்குச் சமம். ஆகவே நிரம்பிய ஏரியின் அடியில் மேற்பரப்பைவிட அழுத்தம் ஏறத்தாழ 1.7 மடங்கு. அடிச்சேற்றிலிருந்து புறப்படும் குமிழி, வெப்பநிலை மாறாதிருந்தால், மேலே வரும்போது 1.7 மடங்கு பெருத்துவிடும்.

குளோரினை மிகுந்த அழுத்தத்தில் திரவமாக்கி உருளைகளில் அடைப்பார்கள். கசிந்தாலோ பல நூறு மடங்கு விரியும். அதன் மூலக்கூறு நிறை 71. காற்றின் சராசரி 29. எனவே அது மேலே போகாது, பள்ளத்தில் தேங்கும். 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள் மாண்டது இதனால்தான். குளோரின் கசிந்தால் தரையில் பதுங்கக்கூடாது. மேடான இடத்துக்குச் செல்ல வேண்டும்.

இத்தகைய நஞ்சே அளவோடு நீரில் கரையும்போது ஹைப்போகுளோரஸ் அமிலமாகிக் கிருமிகளைக் கொல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கிணறு கலங்கியபோது காத்ததும் இதே அமிலம்தான். சலவைத்தூள் நீரில் கரைந்து அதைத் தந்தது.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "என் தம்பி அஞ்சு வயசிலே வாந்திபேதியில போனான். குளத்துத் தண்ணிதான் குடிச்சோம். இந்த மருந்து அன்னிக்கு எங்க ஊருக்கு வரலையே" என்றார்.

தேர்வுக்காகப் படித்த பாடம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. தோழிகளே, இனிக் குழாய் நீரில் வாடை வந்தால் முகம் சுளிக்காதீர்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி