தாத்தாவின் காதும் தார்க்குச்சியும்

சுவர் இதழுக்கு "ஒலி" பற்றி எழுதச் சொன்னார் கம்ப்யூட்டர் சார். எனக்குத் தெரிந்த ஒலி எங்கள் வீட்டுத் தறிச் சத்தம்தான். பிள்ளையார்பாளையத்துப் பசங்களுக்கு அதைச் சொல்லவே வேண்டாம்.

எங்கள் தாத்தாவுக்குக் காது மந்தம். அக்காவுக்கு அரசு கொடுத்த மடிக்கணினி, ஒரு மைக், ஒரு ஹெட்போன். இவற்றை வைத்து நாம் பேசுவதைக் கொஞ்சம் பெரிதாக்கி, உடனே அவர் காதில் விடலாமே என்று தோன்றியது. அந்த "உடனே"யில்தான் வில்லங்கம்.

கம்ப்யூட்டர் ஒலியை எண்களாக மாற்றுகிறது, ஒரு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொன்றாக அனுப்பாது, கட்டுக் கட்டாக அனுப்பும். இந்தக் கட்டுக்குப் பெயர் பஃபர். நம்ம ஊர் பாஷையில் தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி இழை சுற்றித் தருகிற தார் தீர்ந்து, அடுத்த தார் தயாராக இல்லாவிட்டால் தறி நிற்கும் இல்லையா? இங்கே ஒலி அறுந்து "டப்" என்று கேட்கும். சரி, தாரையே பெரிதாக்கிவிடலாமா? முழுசும் தீர்ந்த பிறகுதான் அடுத்த நிறம் வரும் என்றால், தார் பெரிதாகப் பெரிதாக நிறம் மாறவும் நேரமாகும். ஒலியும் அப்படியே தாமதிக்கும்.

இன்னொரு தொல்லை. ஒலி அட்டையோடு பேச விண்டோஸில் வாசப்பி, மேக்கில் கோர் ஆடியோ, லினக்சில் அல்சா என்று தனித்தனி வழிகள். மூன்றுக்கும் மூன்று தடவை நிரல் எழுத யாரால் முடியும்? இதற்காகவே ராஸ் பென்சினா, ஃபில் பர்க் என்ற இருவர் போர்ட்ஆடியோ என்ற நிரல் நூலகத்தைக் கொடுத்தார்கள். 2001-ல் கியூபாவின் ஹவானாவில் நடந்த கணினி இசை மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை வைத்தார்கள். ஒலிப்பதிவுக்கு நாம் பயன்படுத்தும் ஆடாசிட்டிக்குள் இருப்பதும் இதுதான். நாம் ஒருமுறை எழுதினால் போதும். அடுத்த கட்டு வேண்டும்போது அதுவே நம் நிரலைக் கூப்பிடும். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிற பைத்தானிலிருந்தே இதைப் பயன்படுத்தலாம். (இலவசம்தான், பயப்படாதீர்கள்.)

முதலில் "டப்" சத்தத்துக்குப் பயந்து கட்டுக்கு 8,192 எண்கள் வைத்தேன். 8,192-ஐ 44,100-ஆல் வகுத்தால் 0.186 நொடி. உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. ஆக மூன்றில் ஒரு நொடிக்கும் மேல்! தாத்தா என் வாயையே பார்த்துவிட்டு, "ஏன்டா, நீ வாயை மூடின அப்புறமும் பேசுறியே!" என்றார். சொல்லும்போதே அவருக்கு நாக்குக் குழறியது. தன் குரலே தனக்குத் தாமதமாகக் கேட்டால் பலருக்கும் பேச்சுத் தடுமாறுமாம். எனக்குப் பயமாகிவிட்டது, உடனே நிறுத்திவிட்டேன்.

அடுத்து 256. தாமதமே தெரியவில்லை. ஆனால் பழைய மடிக்கணினியால் ஈடுகொடுக்க முடியவில்லை, ஒரே டப்டப். கடைசியில் 512. இரண்டு கட்டுக்கும் சேர்த்து 23 மில்லிநொடி, ஒலி அட்டை எடுப்பது தனி. கோயிலில் எட்டு மீட்டர் தள்ளி நின்று தவில் கேட்டால் ஒலி வந்து சேர ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும்.

ஒரு எச்சரிக்கை: இது காதுக் கருவி இல்லை. ஒலியை அதிகம் கூட்டினால் இருக்கிற காதும் போய்விடும். தாத்தாவை அடுத்த வாரம் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறோம்.

அன்று மைக்கைப் பாட்டி பக்கத்தில் வைத்திருந்தேன். "காப்பி ஆறுது" என்று பாட்டி மெதுவாகத்தான் சொன்னார். தாத்தா தறியை நிறுத்திவிட்டு, "வர்றேன், வர்றேன்" என்றார்.

— பன்னிரண்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு