வின்ச் ஆபரேட்டர் காளியைப் படிப்போம்

"கதையிலும் சினிமாவிலும் வருகிற பாத்திரங்களை ஆராய்வது எப்படி?" என்று ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். "மெக்கானிக்கல் பையனுக்கு எதுக்குடா இலக்கியம்?" என்று அறைத் தோழன் சிரித்தான். சிரிக்கட்டும். நான் எடுத்துக்கொண்டிருக்கும் ஆள் நம்ம ஆள்தான். மலைமேல் மின் நிலையத்தில் வின்ச் ஓட்டுகிறவன். அவனுக்கு மேலதிகாரியாக வருகிறவர் ஒரு இன்ஜினீயர். இவ்வளவு நம்ம சிலபஸுக்குப் பக்கத்தில் வந்த தமிழ்ப் படம் வேறு எது?

படம் 'முள்ளும் மலரும்'. 1978 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. மகேந்திரன் இயக்கிய முதல் படம். பாலுமகேந்திரா ஒளிப்பதிவு, இளையராஜா இசை. காளியாக ரஜினிகாந்த், தங்கை வள்ளியாக ஷோபா, இன்ஜினீயர் குமரனாக சரத்பாபு, மங்காவாக ஃபடாஃபட் ஜெயலட்சுமி. இதற்கு மூலம் உமாசந்திரன் எழுதிய அதே பெயருள்ள நாவல். கல்கி இதழ் 1966-ல் நடத்திய வெள்ளிவிழா நாவல் போட்டியில் முதல் பரிசு வாங்கியது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. தாய் தகப்பன் இல்லாத அண்ணன், தங்கை. அண்ணனுக்கு உலகமே தங்கைதான். புதிதாக வருகிற இன்ஜினீயருக்கும் அண்ணனுக்கும் ஒத்துப்போகவில்லை. சஸ்பென்ஷன். அந்த ஆத்திரத்தில் குடித்துவிட்டு ரோட்டில் கிடக்கிறான். லாரி ஏறி ஒரு கை போகிறது. வேலையும் போகிறது. அதே இன்ஜினீயர் வள்ளியைப் பெண் கேட்கிறார். காளி மறுத்துவிட்டு வேறொருவனுக்கு நிச்சயம் செய்கிறான். முடிவைப் பிறகு சொல்கிறேன்.

இனிமேல்தான் பாடம். "காளியின் குணநலன்களை விவரி" என்று பரீட்சையில் கேட்டால் நாம் என்ன எழுதுவோம்? 'காளி கோபக்காரன், பாசக்காரன், தன்மானம் மிக்கவன், நல்லவன்.' பத்துக்கு ஆறு மார்க் வரும். ஆனால் இது ஆராய்ச்சி இல்லை, லேபிள் ஒட்டுவது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் ஒரு கம்பியைக் கொடுத்து "இது எப்படிப்பட்டது?" என்று கேட்டால், "நல்ல கம்பி சார், உறுதியான கம்பி சார்" என்று ரெக்கார்டில் எழுதுவோமா? மெஷினில் மாட்டி லோடு ஏற்றிப் பார்ப்போம். எது வரைக்கும் தாங்குகிறது, எங்கே யீல்டு ஆகிறது, உடையும்போது வார்ப்பிரும்பு மாதிரிப் படக்கென்று உடைகிறதா, மைல்டு ஸ்டீல் மாதிரி இழுபட்டு மெலிந்து உடைகிறதா என்று குறிப்போம். பாத்திரமும் அப்படித்தான். லோடு விழாத வரை ஒருத்தனுடைய குணம் அவனுக்கே தெரியாது. நல்ல எழுத்தாளன், நல்ல டைரக்டர் செய்கிற வேலை சரியான இடத்தில் சரியான லோடு வைப்பது.

காளிமேல் விழும் முதல் லோடு என்ன? கை போனது என்று பலர் சொல்வார்கள். இல்லை. வின்ச்சில் ஊர் ஜனங்களை ஏற்றக்கூடாது என்று இன்ஜினீயர் தடுப்பதுதான் முதல் லோடு.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஒரு பழைய நூல். தொல்காப்பியத்தில் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஒரு பகுதி உண்டு. உணர்ச்சிகளை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நாலு நாலு காரணம் சொல்கிறார் தொல்காப்பியர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. கிட்டத்தட்ட நம்ம ஃபால்ட் ஃபைண்டிங் சார்ட் மாதிரிதான்! அறிகுறி இது என்றால் காரணம் இந்த நாலில் ஒன்று.

அதில் பெருமிதத்துக்குச் சொல்லும் நாலு காரணங்கள்: கல்வி, தறுகண், புகழ், கொடை. இப்போது காளியை வைத்துப் பாருங்கள். கல்வி இல்லை. தறுகண், அதாவது அஞ்சாமை, வேண்டிய மட்டும் இருக்கிறது. அந்தச் சின்ன ஊரில் கொஞ்சம் பெயரும் உண்டு. கொடை? கையில் காசில்லாதவன் எதைக் கொடுப்பான்? அவனிடம் இருப்பது ஒரு வின்ச். மலையேறி நடக்க வேண்டிய ஜனங்களை "ஏறிக்கோ" என்று சொல்ல முடிகிறதே, அதுதான் அவன் செய்கிற கொடை. அந்த ஒரு லீவரைப் பிடித்திருக்கும்போது அவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை. குமரன் "ஏற்றாதே" என்று சொன்னபோது தடைபட்டது வெறும் ஓசி சவாரி இல்லை. காளி பெரிய மனிதனாக இருந்த ஒரே இடம் பறிபோனது.

சரி, அப்போ குமரன் வில்லனா? அங்கேதான் இந்தப் படம் மற்ற படங்களிலிருந்து விலகுகிறது. நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள், நியாயமாகப் பேசுவோம். சாமான் ஏற்றுகிற ரோப்புக்கு ஒரு ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி, ஆள் ஏற்றுகிற ரோப்புக்கு அதைவிட அதிகம். பிரேக் பிடிக்காமல் சரிவில் டிராலி ஓடினால் யார் ஜவாப்? குமரன் சொன்னது ரூல்படி சரி. கை போன பிறகு வேலையிலிருந்து நிறுத்தியதும், மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும், மெஷின் பக்கத்தில் நின்று பார்த்தால் தப்பென்று சொல்ல முடியாது. குமரன் கெட்டவனே இல்லை. மரியாதை தெரிந்தவன். வள்ளியை நேசிக்கிறவன். வரதட்சணை, ஜாதி என்று எதுவும் பேசாத மனுஷன். அவன் செய்த ஒரே பிழை, ஒரு ஆர்டர் கீழே இருப்பவனுடைய எந்த நரம்பில் போய்த் தைக்கும் என்று யோசிக்காமல் கொடுத்தது. அது பிழையா என்பதே வாதத்துக்குரியது.

இரண்டு பேரும் சரி. மோதல் அப்படியும் வருகிறது. தத்துவம் என்றால் தாடி வைத்த ஒருவர் மேடையில் பேசுவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த முடிச்சுதான் தத்துவம். ஒழுங்கு பெரிதா, மானம் பெரிதா? இரண்டுமே வேண்டும் என்றால் யார் முதலில் இறங்கி வருவது?

அடுத்து அந்த லாரி. நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், நாவலில் காளியின் கையைப் பறிப்பது புலி. மகேந்திரன் புலியை எடுத்துவிட்டு லாரியைப் போட்டார். 'புலியை வைத்து ஷூட்டிங் எடுப்பது கஷ்டம், அதனால மாத்திட்டாங்க' என்று ஒருத்தன் சொன்னான். இருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். புலி அடித்தால் அது விதி, யாரையும் கேள்வி கேட்க முடியாது. லாரி அப்படியில்லை. சஸ்பென்ஷன், அதனால் ஆத்திரம், அதனால் குடி, அதனால் ரோட்டில் கிடந்தது, அதனால் கை. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு மனிதனுடைய முடிவு இருக்கிறது. காளி "எல்லாம் அந்த இன்ஜினீயராலதான்" என்று நினைக்கலாம். நாம் "நீ ஏன் குடிச்சே?" என்று கேட்கலாம். பொறுப்பு யாருடையது என்ற கேள்வி இந்த ஒரு மாற்றத்தில் உள்ளே வந்துவிட்டது. நாவலும் படமும் பக்கத்தில் பக்கத்தில் கிடைத்தால், எது மாறியிருக்கிறது என்று முதலில் தேடுங்கள். மாறிய இடத்தில்தான் டைரக்டர் என்ன நினைத்தார் என்பது தெரியும். வசனத்தில் தேடினால் கிடைக்காது.

அதிலும் இந்தப் படத்தில் வசனமே கம்மி. 'தங்கப்பதக்கம்' மாதிரி வசனத்தால் பேர் வாங்கிய படத்துக்கு எழுதியவர், தான் இயக்கும்போது வசனத்தைக் குறைத்துக்கொண்டது ஆச்சரியம்தான். அண்ணனுக்குக் கை இல்லை என்பது வள்ளிக்குத் தெரியவரும் இடத்தை மறுபடி பார்க்கக் கிடைத்தால் காதை மூடிக்கொண்டு பாருங்கள். எதுவும் குறையாது.

மறுபடியும் தொல்காப்பியர். வெகுளிக்கு அவர் சொல்லும் நாலு காரணங்கள்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பை அறுப்பது, குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்வது, வைது அடித்து அலைக்கழிப்பது, கொல்வது. எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் இது. காளியின் கோபம் இந்த வரிசையில் மூன்றைத் தொடுகிறது. அதிகாரத்தின் கீழே அலைக்கழிப்பு, அப்புறம் கை, கடைசியில் தங்கை. அவன் கணக்கில் குமரன் தங்கையைக் கேட்பது கல்யாணப் பேச்சு இல்லை, மிச்சம் இருப்பதையும் எடுத்துக்கொண்டு போவது. வேலையை எடுத்தான், வின்ச்சை எடுத்தான், இப்போ வள்ளியையும் எடுக்கிறான்!

இங்கே நான் காளியின் பக்கத்தை விட்டு நகர்கிறேன். ஏனென்றால் வள்ளி ஒரு வின்ச் இல்லை. அவளுக்கு மனசு இருக்கிறது, அது குமரனிடம் போயிருக்கிறது. காளியின் பாசம் உண்மையானது, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாசம் அவளைத் தன் கணக்கில் ஒரு சொத்தாக எழுதி வைத்திருக்கிறது. தமிழ் சினிமாவில் அண்ணன்-தங்கை பாசம் என்றால் தியேட்டர் முழுக்கக் கைக்குட்டை எடுக்கும். 'பாசமலர்' வந்த 1961 முதல் அப்படித்தான். இந்தப் படம் மட்டும்தான் அழவைத்துக்கொண்டே, "இந்தப் பாசம் சரியா?" என்றும் கேட்கிறது. தலைப்பே அதைச் சொல்கிறது. முள், மலர் என்று இரண்டு தனி ஆட்கள் இல்லை. ஒரே செடி.

இப்போது முடிவு. மங்கா, காளிக்குத் தெரியாமல், வள்ளியைக் குமரனிடம் அழைத்துப் போகிறாள். ஊரும் கூட வருகிறது. காளி வழியில் எதிர்ப்படுகிறான். ஒரு கை இல்லாத ஒற்றை ஆள், எதிரே ஊர் முழுக்க. வள்ளி நிற்கிறாள், பார்க்கிறாள், எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடமே ஓடி வந்துவிடுகிறாள். அந்த நிமிஷம் காளிக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. தன்னை எல்லோரும் விட்டுவிடவில்லை, இவள் விடவில்லை. அது போதும். அவனே அவளை அழைத்துக்கொண்டு போய்க் குமரனிடம் ஒப்படைக்கிறான். ஆனால், இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் குமரனிடமே சொல்லிவிடுகிறான்!

கவனியுங்கள். வேறு எந்தப் படமாக இருந்தாலும் "மாப்ளே!" என்று கட்டிப்பிடித்து வணக்கம் போட்டிருப்பார்கள். காளி வளைந்தான், ஆனால் வேறு ஆளாக மாறவில்லை. வார்ப்பிரும்பு என்று நாம் நினைத்தது மைல்டு ஸ்டீல்.

இதற்கு நேர் எதிரான ஒரு ஆளை மறு வருஷமே, 1979-ல், மகேந்திரன் 'உதிரிப்பூக்கள்' படத்தில் காட்டினார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு விதை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த படம். அதில் விஜயன் நடித்த சுந்தரவடிவேலு கத்துவதில்லை, யாரையும் ஓங்கி அடித்து வீரம் காட்டுவதில்லை. அமைதியாகக் கொடுமை செய்கிறவன். கடைசியில் பொறுக்காத ஊர் அவனை ஆற்றில் இறங்கிச் சாகச் சொல்கிறது. நல்லவர்களாக இருந்த உங்களையெல்லாம் இன்று என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான் என்கிற மாதிரி சொல்லிவிட்டு அவன் இறங்குகிறான். கெட்டவன் தண்டிக்கப்பட்டான் என்று நாம் எழுந்து போக முடியாமல் செய்துவிடுகிறது அந்தப் பேச்சு. இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம், இங்கே பக்கம் இல்லை.

காளிக்கே வருகிறேன். எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், இன்-பிளான்ட் டிரெயினிங்கில் ஒரு கிரேன் ஆபரேட்டரைப் பார்த்தேன். எந்தத் தொழிற்சாலை என்பது வேண்டாம். எங்களைவிட நாலைந்து வயசே பெரிய சூப்பர்வைசர் ஒருவர், லோடு தூக்கின முறை சரியில்லை என்று எங்கள் முன்னாலேயே அவரை ஒரு பிடி பிடித்தார். சொன்ன விஷயம் சரிதான். ஸ்லிங் கோணம் தப்புதான். எங்களுக்கே தெரிந்தது. நாங்கள் ரெண்டு மூணு பேர் சிரித்தும் விட்டோம். அந்த அண்ணன் எதுவும் பேசவில்லை. கையுறையைக் கழற்றிக் கேபினுக்குள் போட்டுவிட்டுப் போனவர், மத்தியானம் வரை திரும்பி வரவில்லை. அன்றைக்கு எனக்கு அவர் 'திமிர் பிடிச்ச ஆளு'. லேபிள் ஒட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்து ஹாஸ்டல் டி.வி. அறையில் காளியைப் பார்த்தபோதுதான் அந்தக் கையுறை ஞாபகம் வந்தது. குமரனுக்கும் காளிக்கும் நடுவில் ஒரு ஆள் வேலைக்கு எடுக்கப்படுவான் என்றால், அது டிப்ளமோ ஹோல்டர்தானே!

அன்று படம் முடிந்ததும் அறையில் பெரிய சண்டை. "வள்ளி திரும்பி ஓடி வந்தது தப்பு. அண்ணன் கையெழுத்துப் போட்டால்தான் அவள் வாழ்க்கையா? வராமல் இருந்திருந்தால்?" என்றான் ஒருத்தன். "வரலைன்னா காளி அங்கேயே செத்திருப்பான்டா" என்றான் இன்னொருத்தன். முதலாமவன் விடவில்லை. "அப்போ அவன் சாகாம இருக்கறதுக்கு அவ பொறுப்பா?" என்று கேட்டான். லைட் ஆஃப் பண்ணின பிறகும் இருட்டில் பேச்சு ஓடியது. நான் ரெண்டாமவன் கட்சியில்தான் இருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை.